புகையிலைத் தோட்டத்தில் ஊசிமருந்து விளையுமா?

தை மாதக் கடைசியில் புன்னாலைக்கட்டுவன் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டக்கார ஐயா புகையிலைக்குக் குருத்து முறித்துக்கொண்டு நின்றார். குருத்தை முறித்தால் செடி பூக்காது. பூவுக்குப் போகவேண்டிய சத்தெல்லாம் இலைக்கு இறங்கி இலை தடிக்கும். முறித்த பிறகு இலைக் கக்கங்களில் சிம்பு வெடிக்கும், அதையும் விடாமல் கிள்ளவேண்டும். அவருடைய பெருவிரல் நகம் பிசின் பிடித்து, தார் பூசியதுபோலக் கறுத்திருந்தது.

"தம்பி, கனடாவில புகையிலையில கொரோனா ஊசி செய்தவங்களாம். மகன் வீடியோ அனுப்பினவன். உண்மையோ?"

"ஓம் ஐயா, உண்மைதான்."

"அப்ப எங்கட இலையையும் ஆரும் வாங்குவாங்களோ?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்த வியாபாரம் எப்போதோ படுத்துவிட்டது. சுருட்டுக் கொட்டில்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. 2020க்குள் புகையிலைச் செய்கையையே நிறுத்துவோம் என்று அரசாங்கம் அறிவித்தது. 2020 வந்தும் போய்விட்டது, செம்பாட்டு மண்ணில் புகையிலை இன்னும் நிற்கிறது. அப்படி ஒரு பயிரை வைத்திருப்பவருக்கு, அதே இலை உயிர் காக்கும் மருந்தாகலாம் என்ற செய்தி காதில் விழுந்தால் கேட்கத்தான் செய்வார். உங்கள் இலையை வாங்கமாட்டார்கள் என்று சொன்னேன். ஏன் என்பதை வரம்பில் நின்று சொல்லி முடிக்க முடியவில்லை.

புரதத்திலிருந்து தொடங்குவோம். நீரிழிவுக்காரர் போடும் இன்சுலின் ஒரு புரதம். நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரி ஒரு புரதம். தடுப்பூசியில் இருக்கும் கிருமியின் துண்டும் பெரும்பாலும் புரதந்தான். பரசிட்டமோல் போன்ற சிறு மூலக்கூறுகளை இரசாயனத் தொழிற்சாலையில் செய்துவிடலாம். ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒழுங்காக மடிந்து நிற்கும் புரதத்தை அப்படிச் செய்வது கட்டுப்படியாகாது. உயிருள்ள கலந்தான் செய்து தரவேண்டும். நல்லகாலத்துக்கு எல்லா உயிர்களும் ஒரே நெடுங்கணக்கில் எழுதி வாசிக்கின்றன. மனிதனின் மரபணு ஒன்றை எடுத்து இன்னொரு உயிரின் கலத்துக்குள் வைத்தால், இது யாருடையது என்று அந்தக் கலம் கேட்பதில்லை. வாசித்துப் புரதத்தைச் செய்துவிடுகிறது. அந்தக் கலத்துக்கு அது அந்நியப் புரதம், நமக்கு மருந்து.

இதில் புதினம் ஒன்றும் இல்லை. பற்றீரியாவில் செய்த மனித இன்சுலின் 1982இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பன்றியின், மாட்டின் சதையியிலிருந்துதான் எடுத்தார்கள். பாண் பொங்கவைக்கும் மதுவத்தின் இனத்தில் செய்த ஈரல் அழற்சி பீ தடுப்பூசி 1986இல் வந்தது. சிக்கலான புரதங்களுக்குச் சீன வெள்ளெலியின் சூலகக் கலங்களைப் பெரிய உருக்குத் தாங்கிகளில் வளர்க்கிறார்கள். மரபணு மாற்றம் என்ற சொல்லுக்கே முகம் சுளிப்பவரின் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் இன்சுலின் குப்பி இருக்கக்கூடும். சரி, இவையெல்லாம் இருக்கச் செடி எதற்கு? வெள்ளெலிக் கலத்துக்குச் சூடு, சத்துநீர், ஒட்சிசன் எல்லாம் அளந்து ஊட்டவேண்டும். தாங்கியும் கட்டிடமும் கோடிகளை விழுங்கும். செடிக்கு வெயிலும் தண்ணீரும் பசளையும் போதும் என்பதுதான் முதலில் தோன்றிய ஆசை.

செடிக்குள் மரபணுவை நுழைக்கும் வித்தையை மனிதன் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மண் பற்றீரியாவிடம் திருடிக்கொண்டான். அக்ரோபற்றீரியம் என்பது அதன் பெயர். செடியின் காயத்துக்குள் புகுந்து, தன் மரபணுத் துண்டு ஒன்றைச் செடியின் மரபணுக்களுக்குள்ளேயே செருகிவிடும். செடி தன் செலவில் ஒரு கழலையை வளர்த்து, பற்றீரியாவுக்கு வேண்டிய சாப்பாட்டையும் சமைத்துக் கொடுக்கும். அந்தக் கழலைத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு நமக்கு வேண்டிய மரபணுவை அந்த இடத்தில் வைத்தால் பற்றீரியா அதையும் அதே விசுவாசத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். 1983இல் இப்படி உருவான முதல் செடிகளில் ஒன்று புகையிலை. 1986இல் மனித வளர்ச்சி ஓமோனின் மரபணு புகையிலைக்குள் போனது; 1989இல் புகையிலை இலையில் முழுமையான பிறபொருளெதிரி உருவானதைக் காட்டினார்கள்.

எப்போதும் ஏன் புகையிலை? அது சாப்பாட்டுப் பயிர் அல்ல, எவருடைய கோப்பைக்குள்ளும் தவறி விழாது. இலை நிறைய. ஒரு செடி இலட்சக்கணக்கில் விதை தரும். நாற்றுமேடையில் விதை தூவியவர்களுக்குத் தெரியும், தூளோடு தூளாகக் கலந்துதான் அதைத் தூவவேண்டியிருக்கும். கலத்தைக் கண்ணாடிக் குடுவையில் வைத்தால் சண்டித்தனம் பண்ணாமல் முழுச் செடியாக வளரும் குணமும் அதற்கு உண்டு. உலகத்தில் முதன்முதலாக இனங்காணப்பட்ட வைரசே புகையிலையின் மொசாயிக் நோய்க் கிருமிதான், 1890களில். அதாவது ஆய்வாளர்களுக்கும் புகையிலைக்கும் நூறு வருசத்துக்கு மேற்பட்ட பழக்கம்.

ஆனால் இன்று மருந்து செய்வோர் வளர்ப்பது ஐயாவின் தறையில் நிற்கும் சாதியை அல்ல. அது நிக்கோட்டியானா பெந்தாமியானா, அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப் புகையிலை. மெல்லிய இலைச் செடி. சுருட்டுக்கும் உதவாது, சப்பவும் காணாது என்று நம்மவர்கள் பிடுங்கி எறிவார்கள். ஆய்வுகூடத்தில் வளரும் இனத்தில், வைரசை எதிர்க்கும் மரபணு ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. தோட்டக்காரனுக்கு அது நோஞ்சான் செடி. ஆய்வாளனுக்கு வாசல் திறந்த வீடு. வெளியிலிருந்து வரும் மரபணுவை அது மறுப்பதில்லை.

செய்முறையைப் பார்த்தால் தோட்ட வேலைபோலவே இராது. ஐந்தாறு கிழமைச் செடிகளைச் சட்டியோடு ஒரு தட்டில் இறுக்கி, தட்டைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். இலைகள் பற்றீரியாக் கரைசல் நிரம்பிய தொட்டிக்குள் அமிழும். தொட்டியை மூடிக் காற்றை உறிஞ்சுவார்கள். இலைக்குள் கலங்களுக்கு இடையே இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியேறும். பிறகு காற்றைத் திடீரென்று உள்ளே விட்டால், காற்று இருந்த இடமெல்லாம் கரைசல் பாய்ந்துவிடும். வெளியே எடுக்கும்போது இலை கொதிநீரில் அமிழ்த்திய கீரைபோலக் கரும்பச்சையாகத் தொங்கும். சில மணித்தியாலத்தில் ஈரம் வற்றி நிமிர்ந்துவிடும். அதற்குள் ஒவ்வொரு இலையிலும் கோடானுகோடி பற்றீரியாக்கள் கலங்களின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய ஒரு கிழமையில் வெட்டு. பூவும் இல்லை, விதையும் இல்லை, அடுத்த பரம்பரையும் இல்லை. கௌபிச் செடியைத் தாக்கும் ஒரு வைரசின் துண்டுகளையும் மரபணுவோடு ஒட்டிவிட்டால் விளைச்சல் பலமடங்காகும் என்று பின்னர் கண்டார்கள். வெள்ளெலிக் கலத்தில் ஒரு புதிய புரதத்தைத் தொடர்ந்து செய்யும் கலப் பரம்பரை ஒன்றை உருவாக்கப் பல மாதங்கள் போகும். செடியில் சில கிழமை. கொள்ளைநோய்க் காலத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

வெட்டிய பிறகுதான் சங்கடம். இலையை அரைத்தால் வருவது பச்சைச் சாறு. அதில் நமக்கு வேண்டிய புரதம், நல்ல விளைச்சலில், கிலோ இலைக்குச் சில நூறு மில்லிகிராமிலிருந்து ஒரு கிராம் சொச்சம்வரை இருக்கும். மிச்சமெல்லாம் செடியின் சொந்தச் சரக்கு: ஒளித்தொகுப்புக்கான நொதியம் மலைபோல, பச்சையம், நிக்கோட்டின், நார், அரைத்தவுடன் கபில நிறமாகி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும் பீனோல்கள். கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுப்பது எதனாலோ அதே சாமான்தான். நரம்பில் ஏற்றும் மருந்தில் இதில் ஒரு துளிகூட இருக்கக்கூடாது. வடித்து, படியவைத்து, பிரித்தெடுக்கும் குழாய்களில் ஓடவிட்டு, ஒவ்வொரு தொகுதியும் முந்தியதைப் போலவே இருக்கிறது என்று அதிகாரிகளுக்கு எழுத்தில் காட்டவேண்டும். செலவில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. இலை மலிவு என்று சொல்லி முதலீடு தேடியவர்கள் பலர் இந்த இடத்தில் மௌனமானார்கள். சோறு மலிவு, கறிதான் விலை என்று நம் வீடுகளில் சொல்வதுபோலத்தான்.

இன்னொரு சிக்கல் சீனி. நம் கலங்கள் பல புரதங்களின்மேல் சீனிச் சங்கிலிகளைக் கோத்து அனுப்புகின்றன. செடியும் கோக்கும், ஆனால் தன் வழக்கப்படி, நம்மிடம் இல்லாத இரண்டு இணைப்புகளோடு. அதை நம் உடல் அந்நியமாகக் கருதக்கூடும் என்று பயந்து, அந்த வேலையைச் செய்யாத பெந்தாமியானாச் செடிகளை வியன்னாவில் உருவாக்கினார்கள்.

அதே சீனி ஒருமுறை உதவியும் இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை அதுதான். கோஷே என்றொரு அரிய பரம்பரை நோய். ஒரு நொதியம் இல்லாததால் கொழுப்புப் பொருள் கலங்களில் தேங்கி மண்ணீரலும் ஈரலும் வீங்கும், எலும்பு நொறுங்கும். இல்லாத நொதியத்தை ஊசியாக ஏற்றலாம். அதை 1990களின் தொடக்கத்தில் பிரசவத்துக்குப் பின் கழியும் நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தார்கள். ஒரு நோயாளியின் ஒரு வருசத் தேவைக்கு ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. பிறகு வெள்ளெலிக் கலத்தில் செய்தார்கள். 2009இல் அமெரிக்காவில் அந்த மருந்தைச் செய்துவந்த தொழிற்சாலையின் தாங்கிக்குள் ஒரு விலங்கு வைரசு புகுந்துவிட்டது. ஆலையை மூடிக் கழுவினார்கள். உலகம் முழுக்க நோயாளிகள் மருந்தைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிவந்தது.

அந்த நேரத்தில் இஸ்ரேலின் புரொட்டாலிக்ஸ் நிறுவனம் அதே நொதியத்தைக் கரட் கலங்களில் செய்துகொண்டிருந்தது. தோட்டத்துக் கரட் அல்ல. பெரிய பிளாஸ்ரிக் பைகளில், சத்துநீரில் மிதக்கும் கரட் கலங்கள். விலங்கின் வைரசு கரட்டில் வளராது. மேலும், இந்த நொதியம் உடலில் போய்ச் சேரவேண்டிய கலங்கள் ஒரு குறிப்பிட்ட சீனியை வைத்துத்தான் அதை அடையாளம் காண்கின்றன. வெள்ளெலியில் செய்ததை அந்தச் சீனி வெளித்தெரியும்படி தனியாகச் சீவவேண்டியிருந்தது. கரட் அதைச் சீவாமலே அப்படித்தான் தந்தது. 2012 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மனிதனுக்கு ஏற்ற அனுமதி பெற்ற முதல் செடிக்கலப் புரத மருந்து அது, இன்னும் சந்தையில் நிற்கிறது. வயலில் அல்ல, பையில் வளர்ந்ததுதான் வென்றது என்பதை ஐயாவிடம் சொல்லவில்லை.

வயலில் வளர்க்கப் போனவர்களுக்கு நடந்தது வேறு. 2001இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் புரொடிஜீன் என்ற நிறுவனம் பன்றிக்கான தடுப்பூசிப் புரதத்தைச் சோளத்தில் விளைவித்தது. அறுவடை முடிந்தது, அடுத்த போகம் அதே நிலத்தில் சோயா. நமக்குத் தெரியாததா? மிளகாய்த் தறையில் வெங்காயம் நட்டாலும் இரண்டு மிளகாய்க் கன்று தானாக முளைத்து நிற்கும். அங்கேயும் சோளம் தானாக முளைத்தது. சோயாவோடு சேர்த்து அறுத்துக் களஞ்சியத்தில் கொட்டிவிட்டார்கள். ஏறக்குறைய 13,600 தொன் சோயா அழிக்கப்பட்டது, நிறுவனத்துக்கு 2,50,000 டொலர் தண்டம். அதற்குப் பிறகு உணவுப் பயிரில் மருந்து என்றாலே உணவுக் கம்பனிகளே எதிர்த்து நிற்கத் தொடங்கின. அந்தப் பயம் நியாயமானதென்றே நினைக்கிறேன்.

உண்ணும் தடுப்பூசி என்ற கனவு இதற்கும் முந்தியது. சார்ல்ஸ் ஆர்ன்ட்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், பாங்கொக்கில் ஒரு தாய் அழும் குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டுவதைப் பார்த்து, தடுப்பூசியைப் பழத்துக்குள் வைத்தால் என்ன என்று நினைத்தாராம். வாழை மெதுவான பயிர் என்பதால் உருளைக்கிழங்கில் தொடங்கினார்கள். அவித்தால் புரதம் கெட்டுவிடும். ஆகவே 1990களின் பிற்பகுதியில் தொண்டர்கள் பச்சைக் கிழங்கையே சாப்பிட்டார்கள். மாற்றிய கிழங்கைத் தின்ற 11 பேரில் 10 பேரின் இரத்தத்தில் எதிர்ப்பு ஏறியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கிழங்கில் இருக்கும் மருந்தளவு அடுத்ததில் இருக்காது. ஒருவர் பாதி தின்பார், ஒருவர் இரண்டு கேட்பார். இதரை வாழைக்குலையில் மேற்சீப்பும் கடைச்சீப்பும் ஒரே பருமனா? மருந்துக்கு அளவுதான் உயிர். கனவு அங்கேயே நின்றுவிட்டது.

உணவுப் பக்கம் வேறொரு கதவு இப்போது திறக்கிறது. சோயா விதைக்குள் பன்றித் தசையின் புரதத்தை விளைவிக்கும் ஒரு பயிருக்கு, தனிக் கட்டுப்பாடு தேவையில்லை என்று அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2024 ஏப்ரலில் சொன்னது. நம் கடைகளில் இருக்கும் சோயாமீற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2006இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி மரபணு மாற்றிய உணவை அனுமதியில்லாமல் இலங்கைக்குள் கொண்டுவந்து விற்கவும் முடியாது. ஆனாலும் ஒருநாள் வந்தால், வெள்ளிக்கிழமைச் சட்டியில் அது மச்சமா மரக்கறியா என்று நம் வீடுகளில் நடக்கப்போகும் வாக்குவாதத்தைக் கேட்க எனக்கு ஆசை.

சரி, புகையிலைக்கு வருவோம். 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது, நோய் தொற்றிய இரண்டு அமெரிக்கத் தொண்டர்களுக்கு ஸீமாப் என்ற மருந்து ஏற்றப்பட்டது. மூன்று பிறபொருளெதிரிகளின் கலவை. கென்டக்கி மாநிலத்தில் பெந்தாமியானாச் செடிகளில் செய்தது. இருவரும் பிழைத்தார்கள். உலகமே கேட்டது, ஆனால் கையிருப்பு ஏழு பேரோடு முடிந்துவிட்டது. பின்னர் நடந்த ஒழுங்கான சோதனையில் மருந்து பெற்றவர்களில் 22 வீதமானோரும் பெறாதவர்களில் 37 வீதமானோரும் இறந்தார்கள். உதவுவதுபோலத் தெரிந்தாலும் எண்ணிக்கை போதவில்லை. 2019இல் கொங்கோவில் வேறு இரண்டு மருந்துகள் அதைத் தெளிவாக முந்தின.

ஐயாவின் மகன் அனுப்பிய வீடியோ மெடிக்காகோ நிறுவனத்தைப் பற்றியது. கியூபெக்கில் இதே செடியில், கொரோனாவின் முள்ளுப் புரதம் பதித்த வைரசுக் கூடுகளைச் செய்தார்கள். உள்ளே மரபணு இல்லாத வெற்றுக் கூடு. ஏறக்குறைய 24,000 பேரில் சோதித்ததில் 71 வீதப் பாதுகாப்பு. 2022 பெப்ரவரியில் கனடா அனுமதித்தது. உலகில் மனிதருக்கு அனுமதி கிடைத்த முதல் செடித் தடுப்பூசி. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டது. மருந்தில் குறையில்லை, நிறுவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிலிப் மொரிஸ் சிகரெட் கம்பனியின் கையில் இருந்தது, புகையிலைக் கம்பனிகளோடு கைகோக்கக்கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. அந்தக் கம்பனி அந்த ஆண்டின் கடைசியில் விலகிக்கொண்டது, ஆனால் காலம் கடந்துவிட்டது. சந்தை நிறைய வேறு ஊசிகள். 2023 பெப்ரவரியில் மெடிக்காகோவின் ஜப்பானிய உரிமையாளர் அதை இழுத்து மூடினார். கொள்கை சரியானதென்றே படுகிறது. ஆனாலும் செடி செய்த வேலைக்குச் சிகரெட்டின் பழி வந்து சேர்ந்ததைப் படித்தபோது சங்கடமாக இருந்தது.

ஆக, ஐயாவின் கேள்விக்குப் பதில் இதுதான். அவர்களுக்கு வேண்டியது பட்டி ஆட்டெருவிலும் பூவரசங்குழையிலும் ஊறிய மண்ணில், வெயில் குடித்துத் தடித்த இலை அல்ல. அடைத்த கண்ணாடிக் கூடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே வயதில் நிற்கும் மெல்லிய காட்டுச் செடி. அதற்கு நாளாந்தம் தடைப்படாத மின்சாரம், சுத்திகரிப்பு ஆலை, தரப் பத்திரங்கள் எழுதும் ஒரு படை வேண்டும். தோட்டக்காரன் அந்தக் கட்டிடத்துக்குள் எங்கும் இல்லை. புகையிலை விவசாயிக்கு மாற்று வழி இது என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பவேண்டாம்.

நமக்கு இதில் பங்கு வேண்டுமென்றால் பாம்புக்கடிப் பக்கம்தான் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் விசமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. நாகம், கண்டங்கருவளை, கண்ணாடிப் புடையன், சுருட்டைப் புடையன் நான்கின் விசத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் ஊறும் பிறபொருளெதிரிகளைப் பிரித்துச் செய்வது. அதில் விசத்தோடு தொடர்பில்லாத குதிரைப் புரதமும் ஏராளம். நம் உடலுக்கு அது அசல் அந்நியப் புரதம், அதனால்தான் ஒவ்வாமை; அதற்குப் பயந்துதான் மருந்தேற்றுமுன் அட்ரினலின் சிறிதளவு போடுகிறார்கள். அந்த நாலு பாம்பும் இந்தியப் பாம்புகள், நம் பாம்பின் விசம் அச்சொட்டாக அதுவல்ல. ஸ்பெயின் ஆய்வாளர்கள் மத்திய அமெரிக்க விரியன் ஒன்றின் விசத்துக்கு எதிரான பிறபொருளெதிரிக் கலவையைப் பெந்தாமியானா இலையில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் வெகுதூரம். புடையன் கடிக்கு ஒருவருக்கே 20 குப்பி ஏற்றும் ஊரில், அத்தனை புரதத்தையும் அந்தப் பச்சைச் சாற்றிலிருந்து கட்டுப்படியான விலைக்கு வடித்தெடுக்க வேண்டும்.

பாம்பு மருந்துக் கதையைச் சொன்னபோது மட்டும் ஐயா கையை நிறுத்தினார்.

"உந்த வரம்பிலதான் போன வருசம் ஒரு புடையன் கிடந்தது," என்று வாய்க்கால் பக்கம் காட்டினார். பிறகு அடுத்த கன்றுக்குப் போய்ச் சிம்பைக் கிள்ளத் தொடங்கினார்.